காக்கிச் சட்டைப் பொம்ம

இல்ல மேடம், எடுக்கலன்னு நான் சொல்லவேயில்லயே. எடுத்தேன். ஊரே பாத்துக்கினு நிக்கச்சொல்லதான் எடுத்தேன். திருட்றவன் எவனாச்சும் பந்தல் போட்டு, மைக்கு செட்டு கட்டி, எரநூறு பேரு குந்திக்கினு கீற எடத்துல, பட்டப்பகல்ல, தோள்மேல தூக்கிக்கினு நடந்து போவானா? இந்தாங்க மெடலு. மேசமேல வெச்சிட்டேன். நல்லா பாத்துக்கங்க, நாடாகூட கசங்கல. ஏட்டு சார், நீங்களும் ஒரு தபா பாத்துக்கங்க. அப்பால காணோம் கீணோம்னு பேச்சு வரக்கூடாது.

பொம்மயா? பொம்ம வேணும்னு யாருனா எளுதிக் குடுத்தாங்களா? இல்லயா. மெடலு மட்டுந்தானா? பாத்தீங்களா, அங்கயே தெரிஞ்சிபோச்சி. வருசா வருசம் அந்தப் பொம்மய கட்டிப்புடிச்சிக்கினு அளுவாங்க மேடம், மூக்க சிந்தி சிந்தி. இன்னிக்கி அது எங்க போச்சின்னு கேக்க ஒரு நாதி இல்ல. நல்லாகீது நாயம்.

இந்த நாற்காலில குந்தட்டுமா? காலைல ஏளு மணிக்கு தண்ணில எறங்கினது, முட்டி ரெண்டும் வுட்டுப்போச்சி. எம் பேரு முனிரத்தினம். வெளில வேப்பமரத்தடில தூக்குச்சட்டியோட நிக்குதே, அது எம் பொஞ்சாதி ஞானசுந்தரி. நாஷ்டா எடுத்துக்கினு வந்துகீது, போலீசு டேசன்ல சோறு போட மாட்டாங்கன்னு. அத்த உள்ள வுட வேணாம் மேடம், வந்தா அளுதுடும். நான் சொல்லி முடிக்க முடியாது.

நீங்க எந்தப் பக்கம்? திருநெல்வேலியா? அதான் பேச்சு வேற மாறி கீது. அப்ப உங்களுக்கு மொதல்லேருந்து சொன்னாதான் வெளங்கும். மானாம்பதி தாண்டி உள்ள எங்க ஊரு. அங்க மணியக்காரர் வூடுன்னா பெரிய வூடு. இப்ப மணியக்காரரு வேலயே இல்ல, வியேவோ வந்துட்டாரு, ஆனா பேரு போவல. வெள்ளக்காரன் காலத்துல, ரெண்டாவது சண்டைல, அந்த வூட்டுப் பெரிய புள்ள கிருஷ்ணசாமி பட்டாளத்துக்குப் போனாரு. கப்பல்ல ஏத்திக்கினு போவச்சொல்ல ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டான். கப்பலோட முளுவிட்டாரு. தந்தி வந்துச்சி, ஒடம்பு வரல. சண்ட முடிஞ்சப்பறம் இந்த மெடலு வந்துச்சி. இதான் கத. எங்க ஊர்ல நடக்கத் தெரிஞ்ச புள்ளைகூட இத்த சொல்லும்.

ஒடம்பு இல்லாம காரியம் எப்டி பண்றது? அதுக்குத்தான் பொம்ம. வருசா வருசம் தை அமாவாசைக்கு வைக்கோல முறுக்கி, தர்ப்பைல கட்டி, ஆளு ஒசரத்துக்கு ஒண்ணு செய்வாங்க. மானாம்பதி டெய்லரு காக்கிச் சட்டயும் அர டவுசரும் தெச்சிக் குடுப்பாரு. மூஞ்சிக்கு வெள்ளத்துணி சுத்துவாங்க, கண்ணு மூக்கு வரைய மாட்டாங்க. மார்ல இந்த மெடலு. திருமுக்கூடலுக்கு எடுத்துக்கினு போவாங்க, மூணு ஆறும் சேர்ற எடத்துக்கு. ஐயரு மந்திரம் சொல்வாரு, பொம்பளைங்க அளுவாங்க, அப்பால மெடல கயட்டி பத்திரமா வெச்சிக்குவாங்க. பொம்மய ஒருத்தன் தோள்ல தூக்கிக்கினு தண்ணில எறங்கணும். மார் மட்டத்துக்கு தண்ணி வந்ததும் மூணு தபா முளுக்கணும். மூணாவது தபா வுட்டுட்டு, திரும்பிப் பாக்காம கரையேறணும்.

அந்த ஒருத்தன் நான்தான். முப்பத்திரெண்டு வருசமா. எனக்கு முன்ன எங்க நைனா. அவரு ஏளு வயசுலேருந்து செஞ்சாரு, அப்ப பொம்மய சின்னதா கட்டுவாங்களாம், புள்ள தூக்கற மாறி.

ஏன் எங்க வூடுன்னு கேக்கறீங்களா? இத்தினி வருசமா நான் கேக்கல பாருங்க, நீங்க வந்து மூணு மாசம்தான் ஆவுது, கேட்டுட்டீங்க. படிச்ச புத்தி. எங்களுக்கு சொன்னதெல்லாம், அது உங்க குடும்பத்து மரியாத, வேற கை தொடக்கூடாதுன்னு. மரியாதைன்னு சொன்னா போதாதா மேடம், எங்க காலனி ஆளுக்கு அந்தத் தெருவுல வேற இன்னா மரியாத கீது? ஒரு வருசம் எனக்கு டெங்கு வந்து எந்திரிக்க முடியல. வேற ஆள வெச்சிக்கங்கன்னு சொல்லி அனுப்பினேன். முத்துகிருஷ்ணன் ஐயாவே எங்க வூட்டு வாசப்படிக்கு வந்துட்டாரு. அவருதான் இப்ப அந்த வூட்டுக்குப் பெரியவரு, கிருஷ்ணசாமியோட தம்பி மவன். அந்த மன்சன் காலனிக்குள்ள காலு வெச்சி அதுக்கு முன்ன நான் பாத்ததேயில்ல. காரு அனுப்பறேன் முனிரத்தினம், ரெண்டு பேரு புடிச்சிக்கட்டும், ஆனா உன் தோள்லதான் போவணும்னு கைய புடிச்சிக்கினாரு. எனக்கு அப்டியே பூரிச்சிபோச்சி. காய்ச்சலோட எறங்கினேன்.

இன்னொண்ணு கீது. வருசம் முச்சூடும் அந்த வூட்ல எனக்கு மாட்டுக் கொட்டாவாண்ட தட்டு. அன்னிக்கி ஒரு நாளு மட்டும் கூடத்துல எல. அதுவும் மொத எல. ஐயாவுக்கே எனக்கப்பறம்தான் போடுவாங்க. சொந்தக்காரங்க மூஞ்சி எல்லாம் சுண்டிப்போவும், ஆனா வாயத் தொறக்க மாட்டாங்க. நான் தல நிமிந்து துண்ணுவேன். எங்க பாஸ்டரு கோச்சிக்குவாரு. ஞானசுந்தரிய கட்டினதுலேருந்து நானும் சர்ச்சுக்குப் போறவன். பொம்மய தூக்கறது பாவம், வுட்டுடுன்னு எத்தினியோ தபா சொல்லிகீறாரு. பாஸ்டரே, இத்த மட்டும் கேக்காதீங்க, இது எங்க வழிவழி மரியாதன்னு சொல்லிடுவேன். எங்க சாம்சனுக்குக்கூட சொல்லி வெச்சிருந்தேன், ஒரகடம் கம்பெனில வேல பாக்கறான், எங்க இருந்தாலும் தை அமாவாசைக்கு லீவு போட்டு வந்துடணும், எனக்கப்பறம் உன் தோளுடான்னு.

தண்ணி கெடைக்குமா மேடம்? சரி, ஆவட்டும்.

இப்ப எங்க தாத்தா சமாச்சாரம். எல்லப்பன்னு பேரு. மணியக்காரர் வூட்ல பண்ணையாளு. கிருஷ்ணசாமி பட்டாளத்துக்குக் கெளம்பின அன்னிக்கி ட்ரங்குப் பொட்டிய தூக்கிக்கினு மாட்டு வண்டில செங்கல்பட்டு வரிக்கும் கூடப் போனது அவருதான். வண்டி திரும்பி வந்துச்சி, அவரு வரல. எங்க ஆயா போய் கேட்டுதாம். பெரிய மணியக்காரரு, அதான் கிருஷ்ணசாமியோட அப்பா, இன்னா சொன்னாரு தெரியுமா? ரயிலடில பொட்டிய எறக்கி வெச்சான், தோ வரேன்னு போனான், எவளயோ இஸ்துக்கினு ஓடிட்டான்டி உம் புருசன்னு சொன்னாரு. அவ்ளதான். அதுக்கு மேல யாரு கேக்கறது? ஆயாவுக்கு அப்ப இருபது வயசு. செல்லம்மாள்னு பேரு. கைல மூணு வயசுப் புள்ள, எங்க நைனா.

ஓடிப்போனவன் செத்தானா பொளச்சானா தெர்லயே, தாலிய எப்டி கயட்டறது? கெளவி ஆவற வரிக்கும் மஞ்சள் பூசிக்கினு பூ வெச்சிக்கினு இருந்துச்சி. கெணத்தாண்ட சிரிப்பாங்க, ஓடிப்போனவனுக்கு எதுக்குடி பூவுன்னு. எம்பத்தொண்ணுல செத்துது. சுமங்கலின்னு சொல்லி மஞ்சளோட பொதச்சோம். நாப்பது வருசமா தாலி அறுத்தவ மேடம் அது, அதுக்கே தெரியாம.

ஆமா. தெரியாமத்தான். சொல்றேன், சொல்றேன்.

ஓடுகாலி வூடு. அதான் எங்க வூட்டுக்குப் பேரு. எவன்கிட்டயாச்சும் வாய்ச்சண்ட வந்தா மொத பேச்சு அதான், போடா ஓடுகாலி பேரான்னு. எனக்கு துபாய்ல வேல வந்துச்சி, எம் மச்சான் எல்லாம் ரெடி பண்ணிட்டாரு. பாஸ்போட்டு எடுத்துட்டேன். ஊர்ல ஒருத்தன் சொன்னான், ரத்தம் எங்க போவும், தாத்தன் மாறியே கெளம்பிட்டான் பாரு, இனி ஞானசுந்தரி பூ வெச்சிக்கினு குந்த வேண்டிதுதான்னு. போவல. பாஸ்போட்டு பொட்டிலயே செல்லரிச்சிபோச்சி. கண்ணாலம் ஆனதுலேருந்து ஒரு ராத்திரி வெளில தங்கினவன் இல்ல மேடம் நான். ஜெனிஃபர் பொறந்தப்ப செங்கல்பட்டு ஆசுபத்திரில ஞானசுந்தரி வலில கத்திக்கினு கீது, நான் கடைசி பஸ்ஸ புடிச்சி ஊருக்கு வந்து நாலு பேரு கண்ணுல பட்டுட்டு, விடியக்காலைல திரும்பிப் போனேன். இத்த யாராண்டனா சொன்னா சிரிப்பாங்க. நீங்க சிரிக்கல. நல்லாருங்க.

எங்க தாத்தாவ நான் திட்டாத திட்டு இல்ல. மொத எலைல குந்திக்கினு, வாய் நெறய சோத்த வெச்சிக்கினு சொல்லிகீறேன், கிருஷ்ணசாமி ஐயா மாறி ஒரு தெய்வம் பொறந்த ஊர்லதான் எங்க தாத்தன் மாறி ஒரு பேமானியும் பொறந்துகீறான்னு. முத்துகிருஷ்ணன் ஐயா எதுத்தாப்புல குந்திக்கினு இருந்தாரு. வடை போடுங்க முனிரத்தினத்துக்குன்னு சொன்னாரு. எப்டி மேடம் வந்துது அந்த மன்சனுக்கு? வடை போடச் சொல்ல எப்டி நாக்கு வந்துது?

சரி, சத்தம் போடல. கொறச்சிக்கறேன்.

இந்த வருசம் கல்லு வெக்கறதா முடிவு பண்ணாங்க. ஆத்தங்கரைல, கருப்பு கிரானைட்டு, ஆளு ஒசரம். கிருஷ்ணசாமி பேரு, பட்டாளத்து நம்பரு, தாய்நாட்டுக்காக கடலில் உயிர் நீத்தவர்னு தங்க எளுத்துல. போட்டோவும் செதுக்கணுமாம். போட்டோ தேடறதுக்கு ஐயாவோட பேத்தி பூஜா பரண்மேல ஏறிச்சி. மெட்ராஸ்ல காலேஜு படிக்குது. நல்ல பொண்ணு மேடம், அது பேரு இதுல வர வேணாம். பரண்ல ஒரு பிஸ்கட் டப்பா. அதுல லெட்டருங்க. அதுல ஒண்ணுதான் நான் குடுத்தனே, உங்க கைல கீறது.

தேதி பாத்தீங்களா? எளுவத்தஞ்சி. பெங்களூர்லேருந்து. கீள கையெளுத்து யாருன்னு பாருங்க.

கிருஷ்ணசாமி.

ஆமா மேடம். நாப்பத்திரெண்டுல கப்பலோட முளுவினவரு எளுவத்தஞ்சில தம்பிக்கு லெட்டரு போட்டுகீறாரு. நானும் உங்கள மாறித்தான் தேதிய மூணு தபா பாத்தேன்.

அந்தப் பொண்ணு இத்த எடுத்துக்கினு போய் தாத்தாவ கேட்டுதாம். கொளுத்திப் போடும்மான்னு சொன்னாராம். அது கொளுத்தல. பத்து நாளைக்கி முன்ன, நான் பம்ப் செட்டாண்ட தண்ணி கட்டிக்கினு இருந்தேன், ஸ்கூட்டில வந்து குடுத்துட்டு, மன்னிச்சிக்கங்கண்ணான்னு சொல்லிட்டு நிக்காம போய்டுச்சி. நான் எட்டாவது வரிக்கும் படிச்சவன். வரப்புமேல குந்தி படிச்சேன். மடை ஒடஞ்சி பக்கத்து கயனிக்கு தண்ணி போய்க்கினு கீது, எனக்கு எந்திரிக்கத் தோணல.

அதுல இன்னா கீதுன்னா, கலெக்டர் துரை கூட்டம் போட்டப்ப பெரிய மணியக்காரரு ஜம்பமா எந்திரிச்சி, எம் மவனயே பட்டாளத்துக்குத் தரேன்னு சொல்ட்டாரு. எல்லாரும் கை தட்டிட்டாங்க, மாலை போட்டுட்டாங்க. வூட்டுக்கு வந்தா அம்மாக்காரி கெணத்துல வுளுந்துடுவேன்னு சொல்றா. வாக்கும் போவக்கூடாது, புள்ளயும் போவக்கூடாது. செங்கல்பட்டுல ஆளெடுக்கற எடத்துல, வரிசைல, பொட்டிய தூக்கிக்கினு வந்தவன நிக்க வெச்சிட்டாங்க. அவனும் அதே வயசு, அதே ஒசரம். எல்லப்பா, கிருஷ்ணசாமின்னு கூப்ட்டா ஆமான்னு சொல்லு, எல்லாம் ஒரு மூணு மாசம், அப்பால எம் மவன் வந்து உன்ன மாத்திக்குவான், வூட்ல நான் சொல்லிக்கறேன்னு பெரிய மணியக்காரரு சொல்லிகீறாரு.

எங்க தாத்தா சரிங்க ஆண்டன்னு சொல்லிகீறாரு. எங்கடா போறோம், எதுக்குடான்னு ஒரு வார்த்த கேக்கல. கேக்கத் தெரியாது மேடம். பொட்டிய தூக்குன்னா தூக்கணும், வரிசைல நில்லுன்னா நிக்கணும், கப்பல்ல ஏறுன்னா ஏறணும். கடலையே பாக்காதவரு. எங்க ஊர்லேருந்து கடலு எவ்ள தூரம்? மிஞ்சிப்போனா நாலு மணி நேரம் பஸ்ல. அத்த பாக்காத ஆளு நடுக்கடல்ல, இன்னொருத்தன் பேர சொமந்துக்கினு செத்துகீறாரு. சாவச்சொல்ல அவர எவனாச்சும் கூப்ட்டிருந்தாகூட கிருஷ்ணசாமின்னுதான் கூப்ட்டிருப்பான்.

தந்தி வந்ததும் மாட்டிக்கினாங்க. புள்ள பெங்களூர்ல மாமா வூட்ல குத்துக்கல்லு மாறி கீறான், ஆனா சர்க்காரு பேப்பர்ல செத்துட்டான். திரும்பி வந்தா ஜெயிலு. அதனால உயிரோட கீற புள்ளைக்கு காரியம் பண்ணாங்க, மொட்ட அடிச்சிக்கினாங்க. அவரு அங்கயே வேற பேர்ல கடை வெச்சி, கண்ணாலம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்து படுக்கைல செத்துகீறாரு, அது அந்தப் பொண்ணு அப்பால போன்ல சொன்னது. அந்த வூட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்.

இருங்க, பொம்மைக்கு வரேன். நாலாவது வரிசை பாருங்க. தம்பி, அமாவாசை காரியத்துக்கு எல்லப்பன் மகனையே இறக்குகிறாயா, வேறு ஆளை மாற்றிவிடாதே, முழுகினவன் ரத்தம்தான் சுமக்க வேண்டும், இல்லையென்றால் அவன் நம் வாசலைவிட்டுப் போகமாட்டான் என்று ஐயர் அன்றே சொல்லியிருக்கிறார்னு கீதா? நான் மனப்பாடமா வெச்சிக்கினு கீறேன் பாருங்க. அப்டின்னா ஐயருக்கும் தெரிஞ்சிகீது. மொத எல எதுக்குன்னு இப்ப வெளங்குதா? செத்தவன் ரத்தத்துக்குத்தான் மொத எல போடணும். எனக்குப் போட்டது மரியாத இல்ல. எங்க தாத்தாவுக்குப் பயந்துக்கினு போட்ட சோறு.

முப்பத்திரெண்டு வருசம் மேடம். எங்க தாத்தாவ நானே எந் தோள்ல தூக்கிக்கினு போய், நானே தண்ணில முளுக்கி, திரும்பிப் பாக்காம வந்துகீறேன். வந்து, அவரயே திட்டிக்கினு சோறு துண்ணுகீறேன். அடிச்சிருந்தா தாங்கிக்குவேன். கூலிய கொறச்சிருந்தாலும் அது பளக்கந்தான். இது இன்னா துரோகம் மேடம், செத்தவன ஓடுகாலின்னு அவன் பேரன் வாயாலயே சொல்ல வெச்சி கேட்டுக்கினு குந்தறது?

கேட்டேனே. போய் கேட்டேன், மூஞ்சிக்கு நேரா. பொங்கலுக்கு மறுநாளு. ஐயா, எனக்கு வேற எதுவும் வேணாம், அந்தக் கல்லுல எங்க தாத்தா பேர போடுங்க, எல்லப்பன்னு, கிருஷ்ணசாமி பேருக்குக் கீளயாச்சும் போடுங்கன்னேன். கீளயாச்சும்னு கேட்டேன் பாருங்க, அப்பவும் என் புத்தி அப்டித்தான் போச்சி. எம்பது வருசத்துக்கு முந்தின கத, அத்த எதுக்குக் கிளற்ற, பேரு எதுவா இருந்தா இன்னா, காரியம் அவனுக்குத்தான போய் சேருதுன்னாரு. அப்பால எந்திரிச்சி உள்ள போவச்சொல்ல, இத்த தோண்டாத முனிரத்தினம், தோண்டினா உனக்குத்தான் அசிங்கம்னாரு. எங்க ஆளுக்கு ஏது அசிங்கம், போன உயிரு எங்களுது, பொய்யி உங்களுதுன்னு சொல்லிட்டு வந்தேன்.

அதான் இன்னிக்கி காலைல. கல்லுக்குத் துணி போத்தி வெச்சிருந்தாங்க. மைக்குல கிருஷ்ணசாமியின் தியாகம்னு ஒருத்தரு பேசிக்கினு கீறாரு. பொம்மய எந் தோள்ல ஏத்தினாங்க. மெடல கயட்ட ஐயா கைய நீட்டினாரு, நான் நிக்கல. எறங்கிட்டேன். மார் மட்டும் தண்ணி வந்துச்சி. எல்லாரும் முளுக்குவேன்னு பாக்கறாங்க. நான் நடந்துக்கினே இருந்தேன். இந்த வருசம் மள நல்லா பேஞ்சி தண்ணி களுத்து வரிக்கும் வந்துச்சி, பொம்மய தலைக்கு மேல தூக்கிக்கினேன், அதுக்கு ஒரு பொட்டு ஈரம் படல. எதுர் கரைல ஏறினேன். பின்னால கூச்சல், டேய் டேய்னு. முப்பத்திரெண்டு வருசத்துல மொத தபா திரும்பிப் பாத்தேன். இன்னாத்துக்குப் பயம்? எங்க தாத்தாதான எங்கூட கீறாரு.

சுத்திக்கினு பாலத்து வழியா நடந்தேன். ஷேர் ஆட்டோக்காரன் ஏத்திக்கல, பொணமான்னு கேட்டான். ஆமாய்யா பொணந்தான், எங்க தாத்தான்னேன். ஓட்டிக்கினு போய்ட்டான். நடந்தே போய் எங்க காலனி சுடுகாட்ல, ஆயா பக்கத்துல, நானே பள்ளம் தோண்டினேன். கடல்ல கெடந்த மன்சன இன்னும் எத்தினி வருசம் தண்ணிலயே முளுக்கறது மேடம்? மண்ணுல வெச்சேன். ஞானசுந்தரி வந்து பைபிள்லேருந்து நாலு வரி படிச்சிது, நான் சூடம் ஏத்தினேன். ரெண்டுல எது சேருமோ சேரட்டும். மெடல உள்ள வெக்கல. வெச்சா நீங்க வந்து தோண்டச் சொல்வீங்க, எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள உங்க ஜீப்பு வந்துச்சி.

அந்த மெடலு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க. எங்க தாத்தாவுது எங்கிட்ட இருந்தா திருட்டா? வேணாம், சட்டம் நீங்க பாத்துக்கங்க. மெடல அவுங்களே வெச்சிக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு, என் பக்கத்து மனுவும் ஒண்ணு எளுதிக்கங்க. கப்பல்ல செத்தவரு எல்லப்பன்னு ஒரு சர்க்காரு பேப்பர்ல, முத்திரையோட, ஒரே ஒரு எடத்துல இருந்தா போதும். கல்லு வேணாம். எங்க சாம்சன் எடுத்து நாலு பேருக்கு காட்டுவான், எங்க தாத்தா ஓடிப்போனவரு இல்லன்னு.

எளுதறீங்களா? மெய்யாலுமா? உங்க புள்ளகுட்டி நல்லாருக்கணும் மேடம்.

பேரு முனிரத்தினம். வயசு அம்பத்தெட்டு. வெவசாயக் கூலின்னு போடுங்க. ஆங்? அப்பா பேரா?

அத்த எளுதித்தான் ஆவணுமா? தாத்தா பேர போட்டுக்கக்கூடாதா?

இல்ல மேடம், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பேரு தெரியாமலும் இல்ல. லெட்டர திருப்புங்க. பின்பக்கம் நாலு வரி கீது. இவ்ள நேரம் நான் சொல்லாததுதான் அது. சத்தமா படிக்காதீங்க, எம் பொஞ்சாதிக்கு இன்னும் தெரியாது. எல்லப்பன் மகன் விஷயம் தெரிந்து இங்கே பெங்களூருக்கே வந்துவிட்டான், ஏரிக்கரை வீட்டுமனையைக் கேட்டான், எழுதிக் கொடுத்துவிடு, இனி வாய் திறக்கமாட்டான்னு கீது இல்ல? அந்த மனைலதான் நான் இப்ப குடியிருக்கறேன். எங்க நைனாவுக்கு எளுவத்தஞ்சிலயே எல்லாம் தெரியும் மேடம். ஆயா அப்பால ஆறு வருசம் உயிரோட இருந்துச்சி, அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் தாத்தாவ பேமானின்னு திட்டச்சொல்ல பக்கத்து எலைல தல குனிஞ்சி துண்ணுக்கினு இருந்தாரு. அவரு செத்து பதினாறு வருசம் ஆச்சி. கேக்கக்கூட ஆளு இல்ல.

கடைசி வரி? ஆமா. கூட்டிவந்த பெரிய பையன் தலையில் கைவைத்து சத்தியம் செய்து போனான்.

பெரிய பையன் நான்தான். எட்டு வயசு. எனக்கு நெனப்பு கீது மேடம், ரயிலு, அந்தக் குளிரு, ஒரு வயசானவரு வெண்ணெ தடவி பன்னு குடுத்தது. நைனா எந் தலைமேல கைய வெச்சாரு. அதுக்கு முன்ன அவரு என்ன அப்டி தொட்டதேயில்ல. ஆசையா தொட்றாருன்னு நெனச்சிக்கினு, கைய எடுத்துடப்போறாரேன்னு நான் அசையாம நின்னேன்.

எல்லப்பன் பேரன் முனிரத்தினம்னு எளுதிக்கங்க. அப்பா பேரு கேக்கற எடத்துல ஒரு கோடு போட்டுடுங்க மேடம்.